ஐந்து வழியில் வரும் பணம், ஒரே பேரேடு: ஆன்லைன் விற்பனையாளருக்கு எந்தக் கணக்கு முறை பொருந்தும்?

கரூரில் பெட்ஷீட், மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அமேசான், பிளிப்கார்ட், மீஷோ மூன்றிலும் கடை இருக்கிறது. இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையில் சொந்தத் தளம். அங்கே வாடிக்கையாளர் கட்டும் பணம் ரேசர்பே என்ற பணம் வசூலித்துத் தரும் சேவை வழியாக வங்கிக்கு வருகிறது. வாட்ஸ்ஆப்பில் கேட்டு யுபிஐயில் பணம் அனுப்பும் பழைய வாடிக்கையாளர்களும் உண்டு. கிடங்கு ஒன்றுதான். பணம் மட்டும் ஐந்து வழியாக, வெவ்வேறு பிடித்தங்களோடு, வெவ்வேறு நாட்களில் வந்து சேர்கிறது.

இந்த நிலைக்கு வந்த விற்பனையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. கணக்கில் எதை ஏற்றப் போகிறோம்? ஒவ்வொரு ஆர்டரையுமா, மாத மொத்தத்தையா, வங்கிக்கு வந்த தொகையையா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்துவிடும்.

ஓர் ஆர்டரைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். பெட்ஷீட்டின் விலை வரியோடு 1,050 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான பெட்ஷீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆகவே சரக்கின் மதிப்பு 1,000, வரி 50. தளம் தன் கமிஷன், நிலையான கட்டணம், கூரியர் செலவு எல்லாம் சேர்த்து 226 ரூபாய் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம் (கட்டணம் பொருளுக்கும் தளத்துக்கும் ஏற்ப மாறும்). அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 40.68. ஜிஎஸ்டி சட்டப்படி தளம் பிடிக்க வேண்டிய டிசிஎஸ் (மூலத்தில் வசூலிக்கும் வரி) 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம், அதாவது 5 ரூபாய். வருமான வரிக்கான டிடிஎஸ் (மூலத்தில் பிடிக்கும் வரி) 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம், அதாவது 1 ரூபாய். மீதி 777.32 ரூபாய் வங்கிக்கு வருகிறது.

இந்த 777.32 ரூபாயையே விற்பனை என்று எழுதிவிடுவது சிறு விற்பனையாளர்களிடம் மிகவும் பரவலாக இருக்கும் பழக்கம். அப்படி எழுதினால் அதற்குள் அடங்கிய 5 சதவீத வரி 37 ரூபாய் என்று கணக்காகிறது. கட்ட வேண்டியதோ 50. அரசுக்கு 13 ரூபாய் குறைவு. அதோடு, தளம் வாங்கிய கட்டணத்தின் மேல் நாம் கட்டிய 40.68 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையும் கணக்கில் தெரியாமலே போய்விடுகிறது. குறைவாகக் காட்டி மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு கையை விட்டுப் போகிறது. தளமோ நம் விற்பனை 1,000 ரூபாய் என்று ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் அரசுக்குச் சொல்லிவிட்டது. வருமான வரித் துறையின் வரிப் பிடித்த அறிக்கையிலும் அதே எண் நிற்கிறது. விற்றுமுதல் எவ்வளவு என்பதற்கு இரண்டு துறைகளிடமும் ஏற்கெனவே விடை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே எந்த முறையை எடுத்தாலும் அடித்தளம் ஒன்றுதான். ஒவ்வொரு தளத்துக்கும் பேரேட்டில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். விற்பனை நடந்ததும் தளத்தின் பேரில் 1,050 ரூபாய் பற்று. கட்டணம் 226, அதன் வரி 40.68, டிசிஎஸ் 5, டிடிஎஸ் 1, வங்கி 777.32 என ஐந்து பதிவுகளாக அது வரவாகிக் கழிய வேண்டும். கழிந்து முடிந்தால் பூஜ்யம். மாதக் கடைசியில் மீதி நின்றால், அது இன்னும் செட்டில்மென்ட் ஆகாத (தளம் கணக்குத் தீர்த்துப் பணம் விடுவிக்காத) ஆர்டர்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். விளக்க முடியாத மீதி எவ்வளவு என்பதே ஒரு கணக்கு முறையின் தரத்தை அளக்கும் கோல். கீழே வரும் முறைகளை இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

எக்செல்லும் மாதக் கடைசி ஆடிட்டரும்

தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கி, ஒரு எக்செல்லில் ஒட்டி, ஆடிட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறை. மாதம் இருநூறு முந்நூறு ஆர்டர், இரண்டு தளம், ரிட்டர்ன் (வாடிக்கையாளரிடமிருந்து திரும்பும் பொருள்) குறைவு என்றால் இதுவே போதும்; இதைத் தாண்டிச் செலவு செய்ய வேண்டியதில்லை. பிரச்சினை எக்செல்லில் இல்லை, எந்தக் கோப்பை எதற்கு எடுப்பது என்பதில் இருக்கிறது. அமேசான் தரும் வரி அறிக்கை பில் போட்ட தேதியை வைத்து நடக்கிறது. செட்டில்மென்ட் அறிக்கை பணம் விடுவித்த தேதியை வைத்து நடக்கிறது. மார்ச் 28ஆம் தேதி அனுப்பிய பெட்ஷீட் மார்ச் மாத விற்பனை. அதன் பணம் ஏப்ரலில் வரும். விற்பனையை வரி அறிக்கையிலிருந்தும், பணத்தைச் செட்டில்மென்ட் அறிக்கையிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பிலிருந்து எடுக்க முயல்பவர்களுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் ஒத்துவராமல் போகிறது.

ஆடிட்டரிடம் விட்டுவிட்டோம் என்ற நிம்மதியும் பாதிதான் உண்மை. மாதா மாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11ஆம் தேதி, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி கெடு. அந்த நெருக்கடியில் அவர் அலுவலகம் பார்ப்பது வரிக் கணக்கை மட்டும்தான். தளம் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைத் தந்ததா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அது அவருடைய வேலையும் அல்ல.

கணக்கு மென்பொருளில் தொகுப்பாக ஏற்றுவது

டேலி அல்லது ஜோஹோ புக்ஸ் போன்ற ஒரு மென்பொருளில், தளவாரியாக, மாநிலவாரியாக, வரி விகிதவாரியாக மாத விற்பனையை ஒரு சில பதிவுகளாக ஏற்றுவது. ஒவ்வொரு செட்டில்மென்ட் வரும்போதும் அதைப் பிரித்து ஒரு பதிவு போடுவது. ஆர்டர் விவரம் முழுவதும் தனிக் கோப்பில் இருக்கும், பேரேட்டுக்குள் வராது. டேலி பிரைமின் நான்காம் வெளியீட்டிலிருந்து எக்செல் கோப்பை நேரடியாக உள்ளே எடுக்க முடிவதால் தட்டச்சு வேலையும் குறைந்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 25 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஜோஹோ புக்ஸில் இலவசத் திட்டம் இருக்கிறது.

நான்கைந்து வழிகளில் விற்று, மாதம் சில ஆயிரம் ஆர்டர்களுக்குள் இருக்கும் கரூர் நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். சாதாரண நுகர்வோருக்கு விற்ற சிறு பில்களை ஜிஎஸ்டிஆர்-1 படிவமே மாநிலவாரியான மொத்தமாகத்தான் கேட்கிறது. ஒவ்வொரு பில்லையும் கேட்பதில்லை. அந்தப் படிவத்தின் 14ஆம் அட்டவணையும் எந்தத் தளம் வழியாக எவ்வளவு விற்றோம் என்ற மொத்தத்தையே கேட்கிறது. சட்டம் கேட்கும் வடிவிலேயே பேரேடு இருந்துவிட்டால் தாக்கல் செய்யும் நாளில் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. பதிவுகள் குறைவாக இருப்பதால் பிழை எங்கே என்று கண்ணால் தேடவும் முடியும்.

இந்த முறையின் பலவீனம் ரிட்டர்ன். மொத்தத்தை மட்டும் பார்த்தால், பொருள் திரும்பி வந்ததா, வாடிக்கையாளருக்குப் பணம் மட்டும் திரும்பிப் போனதா என்பது தெரியாது. ஆகவே ஆர்டர் எண்ணை வைத்து ஒத்துப் பார்க்கும் கோப்பு ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதில் ஓர் ஆர்டருக்கு நான்கு கட்டங்கள் போதும்: பில் தொகை, வந்த பணம், ரிட்டர்ன் நிலை, பொருள் கிடங்குக்குத் திரும்பிய தேதி. நான்காவது கட்டத்தைக் கணக்காளரால் நிரப்ப முடியாது. கிடங்கில் பார்சலைப் பிரிப்பவர்தான் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும் கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. திரும்பி வராத பொருளுக்கும், கிழிந்தோ மாறியோ வந்த பொருளுக்கும் அமேசானில் சேஃப்-டி என்றும் பிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் என்றும் இழப்பீடு கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பல கோரிக்கைகள் காலாவதியாகியிருக்கும். இந்தக் கோப்பை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எடைக் கட்டணத்திலும் இப்படித்தான். கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, பெட்டியின் அளவை வைத்துப் போடும் எடை இரண்டில் பெரியதற்குத்தான் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. மடித்த பெட்ஷீட்டை 30, 25, 8 செண்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 1.2 கிலோ; பையில் வைத்து உயரத்தை 5 ஆக்கினால் 0.75 கிலோ. அளவெடுத்ததில் தவறு நேர்ந்து அதிகம் பிடித்தார்களா என்பது பொருள்வாரியாகக் கட்டணத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் உடனே தெரியும். ஒரே பெட்ஷீட்டுக்கு ஓர் ஆர்டரில் 65 ரூபாய், இன்னொன்றில் 110 ரூபாய் என்று நின்றால், முதலில் சேருமிடத்தின் தூரத்தைப் பாருங்கள். அது காரணமில்லை என்றால் எடையைப் பற்றிப் புகார் எழுப்புங்கள்.

ஒவ்வொரு ஆர்டரும் தானாக ஏறும் இணைப்பு

கேட்கும்போது மிகவும் கவர்வது இதுதான். தளத்தையும் கணக்கு மென்பொருளையும் ஓர் இணைப்பால் கட்டிவிட்டால் ஆர்டர் விழுந்த உடனே பில், பணம் வந்த உடனே ரசீது. சொந்தத் தளத்துக்கு இது நன்றாகவே ஒத்துவரும். அங்கே பில் போடுவது நாம்தான், வாடிக்கையாளர் விவரமும் நம்மிடம்தான் இருக்கிறது.

சந்தைத் தளங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே பெரும்பாலும் நம் சார்பில் தளமே தன் எண் வரிசையில் பில் போட்டுவிடுகிறது. இணைப்பு அதே விற்பனைக்கு நம் மென்பொருளின் எண் வரிசையில் இன்னொரு பில் போடும். கவனிக்காவிட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை ஜிஎஸ்டிஆர்-1க்குள் போய்விடும். வாடிக்கையாளர் பெயர்கள் ஆயிரக்கணக்கில் பேரேட்டில் ஏறும்; அவற்றில் ஒன்றுகூட நாம் பணம் வசூலிக்க வேண்டிய பெயர் அல்ல, ஏனென்றால் நமக்குக் கடன்பட்டிருப்பது தளம். அனுப்புவதற்கு முன்பே ரத்தான ஆர்டருக்கும் பில் ஏறி, பிறகு அதை ரத்து செய்ய ஒரு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) ஏறும். தானியங்கி ஏற்றம் பிழையையும் தானாகவே ஏற்றுகிறது, அதுவும் ஆயிரம் இடங்களில்.

இதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்பைச் சரக்கு இருப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தளத்தில் விற்ற பெட்ஷீட் மற்றத் தளங்களில் உடனே குறைய வேண்டும். அது கையால் ஆகிற காரியம் அல்ல. பணக் கணக்கைத் தொகுப்பு முறையிலேயே விடலாம்.

தனி ஒத்துப்பார்ப்பு மென்பொருள்

யூனிகாமர்ஸ், ஈசிஈகாம் போன்ற நிறுவனங்கள் ஆர்டர் மேலாண்மையோடு பணத்தை ஒத்துப் பார்க்கும் வசதியையும் தருகின்றன. ஒவ்வொரு தளத்தின் கட்டண அட்டவணையையும் உள்ளே கொடுத்துவிட்டால், வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று ஆர்டர்வாரியாகக் காட்டும். மாதம் பத்தாயிரம் ஆர்டர் இருக்கும் ஆயத்த ஆடை விற்பனையாளருக்கு, குறிப்பாகப் பொருள் கையில் கிடைத்த பிறகு பணம் கொடுக்கும் ஆர்டர்கள் அதிகமாக இருப்பவருக்கு, இது அவசியம். ஆடையில் அளவு பொருந்தாமல் திரும்புவது ஒரு பக்கம், வாடிக்கையாளர் வாங்க மறுத்து ஆர்டிஓ (அனுப்பிய இடத்துக்கே திரும்பும் பார்சல்) ஆகித் திரும்புவது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் தளங்கள் வெவ்வேறு விதமாகக் கட்டணம் போடுகின்றன. எக்செல்லில் அதைப் பின்தொடர ஒரு முழுநேர ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தோடு மென்பொருள் சந்தாவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதே சரியான கணக்கு.

பெட்ஷீட்டில் அளவுப் பிரச்சினை குறைவு. ஆகவே அதே ஆர்டர் எண்ணிக்கை உள்ள கரூர் நிறுவனத்துக்கும் திருப்பூர் பனியன் நிறுவனத்துக்கும் விடை வேறாகலாம். ஆர்டர் எண்ணிக்கையைவிட ரிட்டர்ன் விகிதமே இங்கே தீர்மானிக்கிறது. வாங்கும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். முடிந்துபோன ஒரு மாதத்தின் கோப்புகளை விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுத்து, உங்கள் வங்கிக் கணக்கில் வந்த தொகையோடு பைசா சுத்தமாக ஒத்துவருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மாதிரித் தரவில் எல்லா மென்பொருளும் நன்றாகவே ஓடும்.

இது கணக்கு மென்பொருளுக்கு மாற்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பேரேடு வேறு இடத்தில்தான் இருக்கும். ஆகவே செலவு இரட்டிப்பாகும்.

வெளியாளிடம் ஒப்படைப்பது

கணக்கெழுதும் நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆள் கிடைக்காத ஊர்களில் அதுவே நல்ல வழி. ஆனால் அது ஐந்தாவது முறை அல்ல. மேலே சொன்ன நான்கில் ஒன்றை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் செய்வது. எந்த முறையில் செய்கிறார் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் தளவாரியான பேரேட்டு மீதியையும், அந்த மீதியை விளக்கும் ஆர்டர் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர முடியாதவர் வங்கிக்கு வந்த தொகையைத்தான் விற்பனையாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

எல்லா முறைக்கும் பொதுவான சில இடங்கள்

சொந்தத் தளத்தை ஒரே கணக்காக வைக்கக் கூடாது. கார்டு, யுபிஐ வழியாக வரும் பணம் ரேசர்பே கணக்கில். அது வழக்கமான திட்டத்தில் இரண்டு வேலை நாட்களுக்குப் பிறகு, கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போக, பல ஆர்டர்கள் சேர்ந்த ஒரே தொகையாக வரும். பொருள் கொடுத்துப் பணம் வாங்கும் ஆர்டர்கள் இருந்தால் அவற்றின் தொகை கூரியர் நிறுவனத்திடம் இருக்கும்; அதற்குத் தனிக் கணக்கு. இவற்றில் தளம் பிடிக்கும் டிசிஎஸ் கிடையாது.

டிசிஎஸ் பணம் தானாக நம்மிடம் வந்து சேராது. தளம் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தாக்கல் செய்த பிறகு, ஜிஎஸ்டி இணையதளத்தில் அதற்கான படிவத்தைத் திறந்து ஏற்றுக்கொண்டால்தான் நம் மின்னணுப் பண இருப்பில் சேரும். மாதம் இரண்டு லட்சம் ரூபாய் விற்பனைக்கு ஆயிரம் ரூபாய். சிறிய தொகை என்று விட்டுவிட்டு ஆண்டுக் கடைசியில் தேடுபவர்கள் நிறைய.

இன்னொன்று, வேறு மாநிலத்தில் இருக்கும் தளத்தின் கிடங்கில் சரக்கு வைப்பது. அங்கிருந்து விற்க அந்த மாநிலத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கரூரிலிருந்து அங்கே அனுப்பும் சரக்கே வரிக்குரிய பரிமாற்றமாகிவிடும். கணக்கு ஒரே நாளில் இரண்டு மடங்காகும். தொகுப்பு முறையில் சமாளித்துக்கொண்டிருப்பவர் தனி ஒத்துப்பார்ப்பு மென்பொருளுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் இது. ஆர்டர் எண்ணிக்கை கூடாவிட்டாலும்கூட.

முறையை மாற்றுவதென்றால் ஏப்ரல் 1, இல்லையென்றால் ஒரு காலாண்டின் முதல் நாள். அன்றைக்குத் தளவாரியாகச் செட்டில்மென்ட் ஆகாத ஆர்டர்களின் பட்டியலை எடுத்து, அதன் தொகையைத் தொடக்க இருப்பாகப் போட வேண்டும். பழைய ஆண்டின் ரிட்டர்ன்களுக்கு வரவுக் குறிப்பு காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அடுத்த நவம்பர் 30 வரைதான் நேரம் உண்டு. ஆகவே மார்ச் மாத ஆர்டர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். 2025 செப்டம்பரில் விகிதம் மாறியதற்கு முன்பு விற்ற பொருளின் ரிட்டர்னுக்குப் பழைய விகிதத்திலேயே குறிப்புப் போட வேண்டியிருந்தது. பில் எண்ணோடு பட்டியல் வைத்திருந்தவர்கள் அதைச் சிரமமில்லாமல் கடந்தார்கள்.

அறிக்கைகளை மாதா மாதம் இறக்கி உங்கள் கணினியிலும் வேறோர் இடத்திலும் சேமித்துவிடுங்கள். ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். ஒரு தளம் நம் கடையை முடக்கிவிட்டால், அதன் உள்ளே இருக்கும் பழைய செட்டில்மென்ட் கோப்புகளை எடுக்க நம்மிடம் வழி இருக்காது.